அடைப்புக்குறியின் அழகு

நியூசிலாந்தின் ஐம்பது டாலர் நோட்டைத் திருப்பினால் கோக்ககோ என்ற பறவை இருக்கும். அதற்குத் துணையாக ஒரு நீலக் காளான், எண்டோலோமா ஹோக்ஸ்டெட்டரி. பறவையின் அலகுக்கடியில் தொங்கும் சதையும் அதே நீலம்தான். காளானில் கன்னத்தை உரசித்தான் பறவைக்கு அந்த நிறம் வந்தது என்று மாவோரிகளிடம் ஒரு கதை உண்டு. காளானுக்குப் பெயரே வெரெவெரெ-கோக்ககோ.

ஆக்லாந்தில் பூஞ்சையியல் படிக்கும் என் அக்கா மகள் இந்தக் காளானைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரு குறுங்கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். பத்து வரிகூட இருக்காது. மூன்று வாரமாகிறது. பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது என் வேலை.

பெயருக்குப் பின்னால் '(ரெய்க்கார்ட்) ஸ்டீவென்சன்' என்று போட்டிருந்தாள்.

"அந்த அடைப்புக்குறியை எடுத்துவிடேன், கண்ணை உறுத்துது."

"மாமா, கதையே அதுக்குள்ளதான் இருக்கு."

ஹோக்ஸ்டெட்டர் 1858 டிசம்பரில் நோவாரா கப்பலில் ஆக்லாந்து வந்திறங்கிய நிலவியலாளர். அவர் பெயரை இந்தக் காளானுக்குச் சூட்டி, கார்ட்டினேரியஸ் என்ற பேரினத்தில் சேர்த்தவர் ரெய்க்கார்ட்; ஆண்டு 1866. ஆக்லாந்தில் பிறந்த கிரெட்டா ஸ்டீவென்சன் 1962-இல் அதை எண்டோலோமாவுக்கு மாற்றினார். பேரினம் மாறினால், முதலில் பெயர் வைத்தவர் அடைப்புக்குறிக்குள் போய்விடுவார். மாற்றியவர் வெளியே நிற்பார். தொண்ணூற்றாறு வருடக் கதைக்கு இரண்டு வளைகோடு போதுமாயிருக்கிறது. நானாக இருந்தால் ஓர் அத்தியாயம் கேட்டிருப்பேன்.

இந்த இரண்டு பேரினங்களையும் பிரித்துக்காட்டுவது ஸ்போர், தொப்பிக்கடியிலுள்ள செவுள்கள் சிந்தும் வித்துத்தூள். அதன் நிறத்தைப் பார்க்க, தொப்பியை மட்டும் நறுக்கி வெள்ளைத் தாளில் வைத்து, மேலே கிண்ணத்தைக் கவிழ்த்து ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். காலையில் தாளில் செவுள்கள் கோலம் போட்டிருக்கும். கார்ட்டினேரியஸ் என்றால் அது துருவின் நிறம், எண்டோலோமா என்றால் இளஞ்சிவப்பு. அத்தனை நீலமான காளான் சிந்துவது இளஞ்சிவப்புத் தூள்! மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு துகளும் உருண்டையாக இல்லாமல் கோணம் கோணமாகத் தெரியும்.

இதையெல்லாம் அவள் கண்ணால் பார்த்தவள். ஆக்லாந்து செயின்ட் ஜான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உலர் மாதிரிகளோடு நாட்டின் பூஞ்சைக் காப்பகமே இருக்கிறது. ஆனால் எழுத முடியாது. சொந்த ஆய்வு கூடாது என்பது கலைக்களஞ்சியத்தின் விதி. "நான் பார்த்தது செல்லாது மாமா. அச்சுல வந்ததுதான் செல்லும்."

அவள் கண்ணுக்கென்று அந்த விதி விட்டுவைத்த ஒரே சன்னல் புகைப்படம். நாமே எடுத்ததைப் போடலாம். அதற்காக வைட்டாக்கரே மலைக்காட்டுக்குப் போனோம். கவுரி மரங்களைக் கொல்லும் நோய் பரவாமலிருக்க, நுழையும்போதே காலணியைத் தேய்த்துக் கழுவி மருந்தில் நனைக்க வேண்டும். "பாவம், உன் பூஞ்சைதானே குற்றவாளி?" என்றேன். "அது பூஞ்சையே இல்லை. பழுப்புப் பாசிக்குத்தான் சொந்தம்." கோபமே வந்துவிட்டது அவளுக்கு. உள்ளே, ஈரச் சருகில் குப்புறப் படுத்துக் காளானின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடியைச் செருகினாள். மேலே நீலத் தொப்பி. கண்ணாடியில் செவுள்கள், அவற்றின்மேல் மெல்லிய இளஞ்சிவப்பு. எழுதக்கூடாத வரியைப் படமாகக் காட்டிவிட்டாள்.

தலைப்பு 'நீல ஆம்பி' என்றிருக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தேன். புறநானூற்றில் சமையல் மறந்த அடுப்பில் பூப்பது ஆம்பிதானே. "தேடுறவங்க காளான்னுதான் தேடுவாங்க." தோற்றேன். மாவோரிப் பெயரில் எழுத்தின் தலையில் வரும் கோட்டில் மட்டும் எனக்கு அவளுடன் வழக்கில்லை. அது நெடில். மத்துவா என்றால் அப்பா, மாத்துவா என்றால் பெற்றோர். இதைத் தமிழனுக்கு விளக்கவா வேண்டும்?

நான் மிகவும் ரசித்தது ஒரு விகுதியை. தெலங்கானா காட்டில் இதே காளானைக் கண்டதாக 2024-இல் செய்தி வந்தது. 'இந்தியாவிலும் வளர்கிறது' என்றுதான் முதலில் எழுதினாள். மறுநாள் பார்த்தால் 'இந்தியாவிலும் காணப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின.' அந்த ஒரு 'ஆக' பொறுப்பைச் சொன்னவர் தலையிலேயே வைத்துவிடுகிறது. தமிழ் இலக்கணம் அறிவியலுக்கு இவ்வளவு கைகொடுப்பதைப் பாடநூலில் நான் பார்த்ததில்லை.

கடைசி வரி: 'உண்ணத்தக்கதா என்பது தெரியவில்லை.' நஞ்சு என்று எழுதுவது சுலபம், கேட்பவருக்கும் பிடிக்கும். அவள் அந்தத் 'தெரியவில்லை'யை அசைக்க விடவில்லை.

பக்கம் ஏறிய பிறகு அதை 'நஞ்சு' என்று திருத்த வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேற்கோளோடு வாருங்கள்.