சட்டையின் உட்புறம்

சில வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதிய ஒரு நாவலில், திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி கதாநாயகியாக வந்தாள். நாவல் தொடராக வெளிவந்து முடிந்ததும் கடிதங்கள் வந்தன. அவளுடைய பொறுமையைப் புகழ்ந்தவர்கள் பலர். கடைசி அத்தியாயத்தில் அவளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் செய்து வைத்ததற்காக எனக்கு நன்றி தெரிவித்தவர்கள் அதைவிட அதிகம். ஒரே ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த இரண்டு தாள்கள். பதினோரு வருஷம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண்மணி எழுதியது.

“ஐயா, கதை நன்றாக இருந்தது. அழுதேன். ஆனால் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்” என்று ஆரம்பித்திருந்தார். என் கதாநாயகி ஒரு சட்டையை முழுதாகத் தைத்து, அதைக் கையில் தூக்கிப் பார்த்து, எந்தத் தேசத்தில் எந்தக் குழந்தை இதைப் போட்டுக்கொள்ளப் போகிறதோ என்று கனவு காண்கிறாள். “முழுச் சட்டையை யாரும் தைப்பதில்லை, ஐயா. நான் கைமடியாகச் சேர்ந்தேன். பிறகு மூன்று வருஷம் கழுத்துப்பட்டி மட்டும் வைத்தேன். அடுத்த மெஷினில் கை வைப்பார்கள். சட்டை முடிந்து எப்படி இருக்கும் என்று செக்கிங்கில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.” என் கதாநாயகி மாலை ஆறு மணிக்குச் சூரிய அஸ்தமனத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறாள். “சரக்குக் கப்பலுக்குப் போகிற சமயத்தில் ஒன்றரை ஷிப்டு. அஸ்தமனம் பார்த்ததில்லை.” முதலாளியின் அறையைப் பற்றி நான் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேனாம், கக்கூஸைப் பற்றி ஒரு வரி இல்லையாம். கடைசியில் இப்படி முடித்திருந்தார்: “அவளுக்குக் கல்யாணம் செய்து கதையை முடித்துவிட்டீர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் வேலைக்குத்தான் போகிறோம்.”

கோபத்தில் எழுதிய கடிதம் அல்ல அது. கோபமாக இருந்திருந்தால் பதில் எழுதி மறந்திருப்பேன். அதில் இருந்தது திருத்தம். வாத்தியார் பையனுடைய கணக்கில் தப்பைச் சுழித்துக் காட்டுகிற மாதிரியான திருத்தம். அந்த நாவலுக்காக நான் ஆராய்ச்சி செய்யாமல் இல்லை. இரண்டு நாள் திருப்பூரில் தங்கினேன். முதலாளி ஒருவர் தம் காரிலேயே அழைத்துப் போய் எல்லாம் காட்டினார். அவர் காட்டியதை எல்லாம் நான் கண்டேன் என்பதுதான் விஷயம்.

இந்தச் சங்கடத்தோடு, வெகு நாளைக்கு முன் படித்த ஒரு நாவலை மறுபடி எடுத்துப் படித்தேன். பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலா 1883-ல் வெளியிட்ட ‘ஓ பொனெர் தெ தாம்’. ‘மாதர் மகிழ்ச்சி அங்காடி’ என்று நாம் சொல்லலாம். இன்று நாம் நாகரிக உடை வியாபாரம் என்று எதைச் சொல்கிறோமோ, அது பிறந்த வீட்டை உள்ளே புகுந்து எழுதிய முதல் பெரிய நாவல் இதுதான் என்பேன். எழுதுவதற்கு முன், 1882-ல், பாரிஸின் மிகப் பெரிய ஜவுளி அங்காடிகளான பொன் மார்ஷேயிலும் லூவ்ரிலும் ஸோலா நோட்டுப் புத்தகத்தோடு சுற்றினார். சிப்பந்திகளையும் நிர்வாகிகளையும் விசாரித்தார். எத்தனை பேர், என்ன சம்பளம், என்ன கமிஷன், என்ன சாப்பாடு என்று குறித்துக்கொண்டார்.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. நாட்டுப்புறத்திலிருந்து இரண்டு தம்பிகளோடு பாரிஸுக்கு வரும் தெனீஸ் என்ற பெண், முதல் அத்தியாயத்தில் கடையின் கண்ணாடி ஜன்னல் முன் திகைத்து நிற்கிறாள். உள்ளே உடை அணிந்த பொம்மைகள். அவற்றுக்குத் தலை இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் விலைச்சீட்டு. இந்த ஒரு காட்சிக்காகவே ஸோலாவுக்குக் கைகூப்பலாம். முதலாளி மூரே பட்டு ஒன்றை மீட்டர் 5 பிராங்க் 60 சாந்தீமுக்கு விற்கிறான். அதில் அவனுக்கு லாபம் இல்லை. பட்டுக்காக உள்ளே வருகிற பெண்கள் வேறு பத்துச் சாமான்களோடு வெளியே போவார்கள் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கு பலிக்கிறது. எதிர்வீதிச் சின்னக் கடைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கணவனின் சம்பளத்தைக் கடையில் கரைக்கிற மனைவியும், லேஸைத் திருடி அகப்படுகிற பிரபு குலத்துச் சீமாட்டியும் வருகிறார்கள். ஆசையை உண்டாக்கி விற்பது என்ற தந்திரத்தை இவ்வளவு நுட்பமாக எழுதியவர்கள் குறைவு. நமது ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒருமுறை நசுங்கியவர்களுக்கு இந்த நாவலுக்கு உரையே வேண்டாம்.

ஆனால் இத்தனை பெரிய நாவலில் துணியைத் தைக்கிற கை எங்கே? தேடிப் பார்த்தேன். லியோன் நகரத்துப் பட்டு உற்பத்தியாளர் ஒருவர் வருகிறார். மூரே விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குவதைப் பற்றிப் புலம்புகிறார். அவருக்குக் கீழே, தறியில் இருக்கிறவன் யார் என்பதை நாவல் கேட்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் தையல் வருகிறது. சம்பளம் போதாத தெனீஸ், ராத்திரியில் தன் மாடி அறையில், கடைக்குத் தெரியாமல், கழுத்து டைகளுக்கு முடிச்சு தைத்துக் கொடுக்கிறாள். அகப்பட்டுக்கொள்கிறாள், வேலை போகிறது. அந்த டைகளை வேறு எத்தனை பேர் எத்தனை மாடி அறைகளில் தைத்தார்கள்? ஸோலா அங்கே நிற்காமல் அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். கடைசியில் தெனீஸை மூரேவுக்கே கல்யாணம் செய்து வைக்கிறார். இந்த இடம் வந்ததும் எனக்குத் திருப்பூர்க் கடிதம் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர்கள் செய்த தப்பைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்பதில் ஓர் அற்பத் திருப்தி!

‘நாவல் என்ன, தொழிற்சாலை இன்ஸ்பெக்டரின் அறிக்கையா? எல்லாவற்றையும் எழுத முடியுமா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் எழுத வேண்டாம். ஆனால் மூரேயின் மலிவு விலைதான் அந்தக் கதையின் உயிர். அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்பதில் பாதியைச் சொல்லி, பாதியை விட்டுவிட்டால் அது தகவல் குறை மட்டும் அல்ல. கலைக் குறையும் ஆகும். இரண்டு வருஷம் கழித்து ‘ஜெர்மினல்’ எழுதுவதற்காக இதே ஸோலா 1884-ல் அன்சேன் நிலக்கரிப் பிரதேசத்துக்குப் போய்ச் சுரங்கத்துக்குள்ளே இறங்கினார். அந்த நாவலில் கரி எரிகிற அடுப்பைக் காட்டிலும் கரி வெட்டுகிறவன் முன்னால் நிற்கிறான். இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. ஆராய்ச்சி எந்த வாசல் வழியாக நுழைகிறதோ, அந்த வாசலின் கதையைத்தான் எழுத்தாளன் எழுதுகிறான். அங்காடியின் வாசலில் நுழைந்தால் அங்காடியின் கதை. முதலாளியின் காரில் போனால் முதலாளியின் அறைக்கு மூன்று பக்கம்.

இது பழைய பாரிஸின் விவகாரம் என்று ஒதுக்க முடியாது. 2013 ஏப்ரல் 23-ந் தேதி, வங்காள தேசத்தில் டாக்காவுக்கு அருகே சாவார் என்ற ஊரில், ராணா பிளாஸா என்ற எட்டு மாடிக் கட்டிடத்தின் சுவர்களில் விரிசல் கண்டது. கீழே இருந்த பாங்கும் கடைகளும் மூடப்பட்டன. மேல் மாடிகளில் இருந்தவை ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். அங்கே வேலை செய்தவர்களை மறுநாள் காலை வரச்சொன்னார்கள். வந்தார்கள். கட்டிடம் இடிந்தது. 1,100-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாவலாசிரியன் கவனிக்க வேண்டியது. அந்தத் தொழிற்சாலைகளில் யாருக்காகத் துணி தைக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் சரக்கு அங்கே தைக்கப்படுவதே எங்களுக்குத் தெரியாது என்றார்கள் சிலர். ஆர்டரை ஒருவர் வாங்கி இன்னொருவரிடம் கொடுத்து, அவர் மூன்றாமவரிடம் கொடுத்தால், அப்படிச் சொல்வதற்கு இடம் இருக்கத்தான் இருக்கிறது. ஆகவே இடிபாடுகளுக்குள் ஆட்கள் போய், சட்டைக் கழுத்தில் தைக்கிற பெயர்ச்சீட்டுகளைத் தேடிப் பொறுக்கினார்கள். கழுத்துப்பட்டிக்குப் பின்னால் நாம் பார்க்காமல் விடுகிற அந்தச் சின்னத் துணித்துண்டு அங்கே சாட்சியாயிற்று. 2013 மே மாதத்தில் தொழிற்சங்கங்களும் பல வெளிநாட்டு உடைக் கம்பெனிகளும் கட்டிடப் பாதுகாப்புக்காகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கட்டிடங்களைச் சோதித்தார்கள். நல்ல காரியம். ஆனால் 1911-ல் நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில், பூட்டிய கதவுக்குப் பின்னால் தீயில் சிக்கியும் ஜன்னல் வழியே குதித்தும் 146 பேர் செத்தபோதும் சட்டங்கள் வந்தன. சட்டம் வந்த ஊரை விட்டு, வராத ஊருக்குத் தையல் மெஷின் நகர்ந்துவிடுகிறது. நூறு வருஷத்தில் நடந்த பிரயாணம் இதுதான்.

நம் பக்கத்து எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’யும், எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’யும் திருப்பூருக்குள்ளிருந்தே பிறந்த நாவல்கள். வெளியூரிலிருந்து இரண்டு நாள் போய் வந்தவன் எழுத முடியாத நாவல்கள் அவை. நொய்யலில் சாயக் கழிவு ஓடியதும், பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவு நீர் தேங்கும் குட்டையானதும், 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் பத்திரிகையில் செய்தியாக வந்தன, நாம் படித்தோம், மறந்தோம். மறக்க முடியாதபடி செய்வது நாவலின் வேலை. அதைச் செய்ய முயன்ற இந்த இரண்டு நூல்களையும் நம் நடுத்தர வர்க்க வாசகர்கள் போதுமான அளவு படிக்கவில்லை என்பது என் மனக்குறை. ‘சோகமாக இருக்கிறது’ என்று சொல்லி மூடிவைக்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் போட்டிருக்கிற பனியன் அந்தச் சோகத்தின் மறுபக்கம் அல்லவா?

வாசகர்கள் எல்லோரும் இனிமேல் துணி வாங்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மலிவாக வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வசதி இல்லாததனால்தான் வாங்குகிறார்கள்; அவர்களைக் குற்றம் சொல்லுவது சுலபமான பாவம். நான் கேட்பது எழுத்தாளனிடமும், கதை படிக்கிறவர்களிடமும்தான். நம் கதைகளில் கதாநாயகி கட்டுகிற புடவையின் நிறத்துக்கு எத்தனை வரி கொடுக்கிறோம்! அதை நெய்தவளுக்கோ, சாயம் தோய்த்தவனுக்கோ ஒரு வரி கொடுத்திருக்கிறோமா? தலை இல்லாத பொம்மைக்கு விலைச்சீட்டை மாட்டி வைத்தது மூரே என்றால், அந்தச் சீட்டை எடுத்துவிட்டு ஒரு முகத்தை வைக்க வேண்டியவன் நாவலாசிரியன்.

அந்தப் பெண்மணிக்கு நான் பதில் எழுதினேன். அடுத்த பதிப்பில் திருத்துகிறேன் என்று வாக்களித்தேன். உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, திருத்த முடியாது என்று. அஸ்தமனத்தை எடுத்துவிடலாம், முழுச் சட்டையைக் கழுத்துப்பட்டியாக மாற்றிவிடலாம். ஆனால் கல்யாணத்தை எடுத்தால் நாவலே விழுந்துவிடுகிறது. அந்தக் கல்யாணத்தின் மேல்தான் முழுக் கதையையும் நிறுத்தியிருக்கிறேன். ஆகையால் அந்த நாவலை அப்படியே விட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு மறுநாள் காலை அவள் வேலைக்குப் புறப்படுகிற இடத்திலிருந்து வேறொரு நாவலை ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை திருப்பூருக்குப் பஸ்ஸில்தான் போனேன்.