சாட்சி சொல்லும் சித்திரம்: ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளின் படப் பதிப்புகள்

ஆய்வுச் சுருக்கம்

துப்பறியும் கதைகளில் இடம்பெறும் படங்கள் பெரும்பாலும் நூலுக்கு அழகூட்டுவனவாகவே கருதப்படுகின்றன. அவை கதை கூறாதவற்றையும் கூறுகின்றன என்பதைச் சிட்னி பாகெட்டின் ஓவியங்கள்வழி நிறுவும் இக்கட்டுரை, கெட்டி அட்டைச் சேகரிப்புப் பதிப்புகளை மதிப்பிடுவதற்கான அளவுகோல் ஒன்றை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் புனைகதை, படப் பதிப்பு, சிட்னி பாகெட், ஷெர்லாக் ஹோம்ஸ், பதிப்பியல்.

முன்னுரை

துப்பறியும் கதையில் எது கூறப்படுகிறது என்பதைப் போலவே எப்போது கூறப்படுகிறது என்பதும் இன்றியமையாதது. எழுத்து வரிவரியாகச் செய்தியை அவிழ்க்கிறது. படமோ பக்கத்தைப் புரட்டிய கணத்திலேயே முழுமையாகக் கண்ணில் படுகிறது. ஆகவே இவ்வகைக் கதைக்குப் படம் வரைவதும், அதனை நூலில் ஓரிடத்தில் அமைப்பதும் கதைக்குப் பொருள் காணும் செயல்களே ஆகும்.

இதழும் நூலும்

ஹோம்ஸ் தோன்றிய முதற்கதை 1887இல் வெளிவந்தது. மறு ஆண்டு அது தனிநூலானபோது, ஆசிரியர் ஆர்தர் கோனன் டாயிலின் தந்தை சார்லஸ் டாயில் அதற்குப் படங்கள் வரைந்தார். அவை நிலைபெறவில்லை. 1891 ஜூலை முதல் 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில் சிறுகதைகள் வந்தபோது பாகெட் வரைந்த உருவமே வாசகர் மனத்தில் நிலைத்தது. 1892இல் ஜார்ஜ் நியூன்ஸ் நிறுவனம் முதற் பன்னிரு கதைகளை 104 படங்களுடன் கெட்டி அட்டை நூலாக்கியது. மாத இதழின் படம் பேணிக் காக்கப்படும் நூலின் பகுதியாயிற்று.

எழுத்தை மிஞ்சிய படம்

'பாஸ்கோம் பள்ளத்தாக்கு மர்மம்' கதையில் ஹோம்ஸ் தலையோடு பொருந்திய துணித்தொப்பி அணிந்திருப்பதாக மட்டுமே குறிப்பு உண்டு. பாகெட் அதனைக் காதுமடல் கொண்ட வேட்டைத் தொப்பியாக வரைந்தார். அத்தொப்பியின் பெயரைக் கோனன் டாயில் எக்கதையிலும் குறிக்கவில்லை. எனினும் அதுவே ஹோம்ஸின் அடையாளமாயிற்று.

எவரும் காணாத காட்சி

1893 டிசம்பரில் வெளிவந்த 'இறுதிச் சிக்கல்' கதை இன்னும் கூர்மையான சான்றாகும். ரைகன்பாக் அருவியருகே ஹோம்ஸுக்கும் மோரியார்ட்டிக்கும் நேர்ந்ததை வாட்சன் காணவில்லை. திரும்பாத காலடித் தடங்கள், ஊன்றுகோல், ஒரு கடிதம் ஆகியவற்றைக் கொண்டே இருவரும் மாண்டனர் என்ற முடிவு எட்டப்படுகிறது. பாகெட்டோ இருவரும் பாறை விளிம்பில் கட்டிப் புரள்வதை முழுப்பக்கப் படமாக வரைந்தார். அதற்கு 'ஷெர்லாக் ஹோம்ஸின் மரணம்' என்று தலைப்பிடப்பட்டது. வாட்சனின் ஊகம் இங்கு நேரிற்கண்ட சாட்சியமாகிறது.

1903இல் வெளிவந்த 'காலி வீடு' கதையில் ஹோம்ஸ் உயிருடன் திரும்புகிறார். விளிம்பில் கைகலப்பு நிகழ்ந்தது உண்மையே. வீழ்ந்தவர் மோரியார்ட்டி ஒருவரே என்பது அப்போது தெரியவருகிறது. எனவே ஓவியம் பொய்யுரைக்கவில்லை; அதன் தலைப்பே பொய்யாயிற்று. படமும் படக்குறிப்பும் வெவ்வேறு சாட்சிகள் என்பதை இது காட்டுகிறது.

சேகரிப்புப் பதிப்புகள்

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 'லிமிடெட் எடிஷன்ஸ் கிளப்' வெளியிட்ட தொகுதிகளில் பாகெட், ஃபிரெடெரிக் டோர் ஸ்டீல் முதலிய பலரின் படங்கள் இடம்பெற்றன. ஸ்டீல் வரைந்த ஹோம்ஸ், நாடக நடிகர் வில்லியம் ஜில்லெட்டின் சாயல் கொண்டவர். இவ்வாறு ஒரே பாத்திரத்திற்கு இரு முகங்கள் அமைகின்றன. இது குறையன்று, எம்முகம் எவருடையது என்பது வாசகருக்குத் தெளிவாக வேண்டும் என்பதே தேவை. லெஸ்லி கிளிங்கர் பதிப்பித்த உரைக்குறிப்புத் தொகுதிகள் (2004–2005) படத்துடன் ஓவியர், இதழ், ஆண்டு ஆகியவற்றையும் தருவதால் இத்தேவையை நிறைவு செய்கின்றன.

முடிவுரை

பொன் முத்திரை, தோல் கட்டு, தாளின் தரம் ஆகியன சேகரிப்பாளரை மகிழ்விக்கலாம். ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: படம் முதலில் இருந்த இடத்தில் உள்ளதா? படக்குறிப்பு மாறாதுள்ளதா? ஓவியர் பெயரும் ஆண்டும் தரப்பட்டுள்ளனவா? அருவிப் படத்தைத் தலைப்பு நீக்கி அட்டைக்கு அழகாக்கும் பதிப்பு, 1893இன் வாசகர் எதனை நம்ப நேர்ந்தது என்பதற்கான தடயத்தையே அழித்துவிடுகிறது. தடயங்களைப் பேணும் பதிப்பே துப்பறியும் இலக்கியத்திற்கு உரிய பதிப்பாகும்.