குதிரில் கைவிட்டுப் பார்க்க முடியாத சரக்கு

எங்கள் தெள்ளார்ப் பக்கம் பழைய அரிசிக்குத் தனி மரியாதை. புது அரிசி குழையும், வயிற்றில் மந்தம் தட்டும். ஒரு வருடம் கிடந்த அரிசியோ உதிரி உதிரியாக வேகும், சோறும் கூடக் காணும். ஆரணி அரிசி மண்டியில் இதை யாருக்கும் விளக்கவே வேண்டாம். அதனால், பிரான்சின் போர்தோ சிவப்பு ஒயினை முப்பது வருடம் இருட்டறையில் படுக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தேகம் வந்தது வேறு இடத்தில்.

முதலில் அந்த வழக்கத்தின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒயினில் சேரும் கபர்னே சொவின்யோன் திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் அதிகம். நம் அறுசுவையில் அதற்குப் பெயர் துவர்ப்பு. இளம் போர்தோவை ஒரு மிடறு குடித்தால், நாவல் பழம் தின்ற பிறகு நாக்கு சொரசொரத்துக் கன்னத்தை உள்ளே இழுக்குமே, அதே நிலைதான். வருடம் போகப் போக டானின் மூலக்கூறுகள் தமக்குள்ளும் நிறமிகளோடும் பிணைந்து பெருத்து, ஒரு பகுதி அடியில் மண்டியாகத் தங்கும். ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும். துவர்ப்பின் முரட்டுத்தனம் அடங்கும். பழ வாசனை பின்வாங்க, தேவதாரு, பென்சில் சீவல், காளான், நனைந்த மண் என்று வேறு வாசனைகள் எழும். இதெல்லாம் நிஜம். ஆனால் புளிப்பும் துவர்ப்பும் பழச்சாரமும் தொடக்கத்திலேயே வலுவாக இருந்தால்தான் நடக்கும். உலகில் விற்கிற ஒயினில் பெரும்பங்கு சில வருடத்துக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியது. நொய்யை எத்தனை வருடம் வைத்தாலும் நொய்தானே.

சிக்கல் எங்கே என்றால், குதிரில் கைவிட்டு ஒரு படி அள்ளி உலையில் போட்டால் அரிசி எந்தப் பதத்தில் இருக்கிறதென்று தெரிந்துவிடும். வண்டு விழுந்தாலும் தெரியும். ஒயின் பாட்டிலைத் திறந்து பார்த்தால் கதை அதோடு முடிந்தது. ஆகவே வாங்குகிறவன் நம்ப வேண்டியது நிபுணரின் நாக்கை. அவர் இன்று ருசித்துவிட்டு, இருபது வருடம் கழித்துத் திறங்கள் என்கிறார். பலிக்காவிட்டால் அவருக்கு ஒரு காசும் நஷ்டமில்லை.

அப்படிப்பட்ட ஆரூடம் ஒன்று பொதுவெளியில் சோதிக்கப்பட்டது. 1976இல் பாரிசில் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பெயர் மறைத்து நடத்திய ருசிப்பில், பிரெஞ்சு நடுவர்களே 1973ஆம் ஆண்டுக் கலிபோர்னிய ஸ்டாக்ஸ் லீப்புக்கு முதலிடம் தந்தார்கள். போர்தோவின் 1970 மூத்தோன் ரோத்ஷில்ட் இரண்டாவது. பிரான்சின் ஒயின் மெதுவாகத்தான் விளையும், காலம் போகட்டும் பாருங்கள் என்று பிரெஞ்சுத் தரப்பினர் சமாதானம் சொன்னார்கள். முப்பது வருடம் போனது. 2006இல் அதே ஒயின்களை மறுபடி ருசித்தபோது முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கு. ஒரு ருசிப்பை வைத்து முடிவு கட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலத்தைச் சாட்சிக்கு அழைத்தவர்களே அவர்கள்தானே! (பிரெஞ்சுக்காரரைப் பழிப்பது என் நோக்கமல்ல. 1760இல் பக்கத்து வந்தவாசிப் போரில் அவர்கள் தோற்றதே போதும்.)

நாக்கை விட்டுத் தரவரிசையை நம்பலாமென்றால், போர்தோவின் புகழ்பெற்ற 1855 தரவரிசையும் தரகர்கள் சந்தை விலையைப் பார்த்துப் போட்டதுதான். விலை தரத்தைச் சொன்னது, பிறகு அந்தத் தரமே விலையை ஏற்றியது. அதில் ஒரு படி மேலேறியது 1973இல் மூத்தோன் மட்டும்.

திறக்காமல் பதம் தெரியாத சிக்கலுக்குப் பழக்கப்பட்டவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பாட்டில் கொண்ட பெட்டியாக வாங்கி, சில வருடத்துக்கு ஒன்றாகத் திறப்பார்கள். குதிரில் அள்ளிப் பார்ப்பது போலத்தான். ஆனால் குதிர் நிறைய வாங்க வசதி வேண்டும். நிலவறையில் வருடம் முழுக்க 12, 13 டிகிரி குளிர்ச்சியும் வேண்டும்.

என் நண்பனின் அப்பா புதுச்சேரி சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாரிசிலிருந்து அவர் கொண்டுவந்து கொடுத்த பாட்டிலை, விளையட்டும் என்று பீரோவின் மேல் நான்கு கத்திரி வெயிலுக்கு வைத்திருந்தேன். திறந்தபோது வேகவைத்த உலர்திராட்சை வாசனை, பின்னால் லேசான காடி. "இதை வந்த வாரமே குடிச்சிருக்கணும் தம்பி" என்றார் அவர். கழற்றிப் போட்ட மூடித் தகட்டை அப்புறம்தான் பார்த்தேன். சூட்டில் கார்க்கு ஓரமாக ஒயின் கசிந்து பிசுக்காக உறைந்திருந்தது. அதில் ஏழெட்டு எறும்பு ஒட்டிச் செத்திருந்தன.