சுவரொட்டியும் அதன் வாசகனும்

நம் சிறுபத்திரிகை வட்டத்தில் பிரச்சாரம் என்பது ஒரு வசைச்சொல். ஒரு கவிதையை நிராகரிக்க இது போதும். மேற்கொண்டு விளக்கம் கேட்பாரில்லை. இதற்குள் ஓர் அனுமானம் இருக்கிறது. பிரச்சாரத்துக்கு ஒரே அர்த்தம்தான், சொன்னவன் நினைத்தது கேட்டவனிடம் அப்படியே போய்ச் சேர்ந்துவிடுகிறது, ஆகவே விமர்சகனுக்கு அங்கே வேலையில்லை என்பது. கவிதைக்கு வாசகன் உண்டு, சுவரொட்டிக்கு இல்லை என்கிறோம். இது பொய் என்பது என் கட்சி. அத்தாட்சிக்கு இலக்கியம் வரை போகவேண்டாம், குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரமே போதும்.

1952ல் இந்திய சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. 1960களின் பிற்பகுதியிலிருந்து தலைகீழான சிவப்பு முக்கோணம் சுவர் சுவராக வந்தது. கூடவே நான்கு முகங்கள்: அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற வாசகம் எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது. அந்த இருவர் யார் யார் என்பதைப் படம் சொல்லிவிடுகிறது. வரைந்தவருக்கு இது சமத்துவமாகக்கூடப் பட்டிருக்கலாம். ஆனால் இரண்டும் பெண்ணாகப் பெற்றவள் அந்தச் சுவருக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்கும்போது இதை எப்படிப் படிப்பாள்? மூன்றாவது வேண்டாம் என்கிறது வாசகம். பையன் எங்கே என்று கேட்கிறது படம்.

இந்த முரணுக்கு ஜனங்கள் கண்ட விடை விளம்பரம் எழுதியவர்கள் கனவிலும் நினைக்காதது. ஆண்பிள்ளை ஆசை பழையது. பெண் சிசுவைக் கொல்லும் வழக்கமும் சில பகுதிகளில் முன்பே இருந்தது. சுவரொட்டி இவற்றை உண்டாக்கவில்லை. ஆனால் ஐந்து ஆறு பெற்ற காலத்தில் அந்த ஆசைக்குக் காத்திருக்க அவகாசம் இருந்தது. இரண்டு என்று ஆனதும் அது போயிற்று. 1980களில் வட இந்திய நகரங்களில் கருவின் பாலைச் சொல்லும் கிளினிக்குகள், இப்போது கொஞ்சம் செலவழித்தால் பின்னால் வரதட்சணைப் பணம் மிச்சம் என்ற தோரணையில் விளம்பரம் செய்தன. அதே பாஷைதான். குழந்தையை வரவுசெலவில் வைத்துப் பார்க்கச் சொன்னது சர்க்காரின் வாசகம். அந்த இலக்கணத்திலேயே இவர்கள் இன்னொரு வாக்கியம் எழுதினார்கள். ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 1991ல் 945, 2001ல் 927, 2011ல் 919. இவ்வளவும் 1994ல் இதைத் தடுக்கச் சட்டம் வந்த பிறகும்தான். தமிழ்நாட்டில் 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே தமிழ்நாட்டில் 2005-06ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. பிரச்சாரத்தின் வெற்றியை எழுதும் அறிக்கைகளுக்கு இந்தக் கடைசி எண் போதுமானது. (பகல் முழுதும் எண்களோடு மாரடிப்பவன் என்ற முறையில், கூட்டல் சரியாக வந்துவிட்ட பேரேடுகளிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு.)

வாசகன் எப்போதும் இப்படித்தான் படிப்பான் என்பதும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. முதியோருக்கான பாடப் புத்தகத்தில் சாராயத்தால் அழியும் குடும்பத்தைப் பற்றி ஒரு கதை. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுவதற்கு வைத்தது. தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் படித்த கையோடு போய்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். 1992ல் அது மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. 1993 அக்டோபரில் மாநிலம் முழுதும் சாராயத்துக்குத் தடை வந்தது. புத்தகம் போட்டதும் சர்க்கார், சாராய ஏலத்தில் காசு பார்த்ததும் சர்க்கார். (1995ல் வந்த முழு மதுவிலக்கு 1997ல் தளர்ந்துபோனது வேறு கதை.) ஆசிரியன் செத்துவிட்டான் என்று ரோலாண் பார்த் 1967ல் எழுதியதைக் கவிதைக்கு மட்டும் பொருத்திப் பார்க்கிறவர்கள் தூபகுண்டாவையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். அவன் அங்கே இன்னும் நன்றாகவே செத்திருக்கிறான்.

புதுக்கோட்டையில் 1991ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போகவேண்டும் என்பதற்காக சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். சைக்கிள் அங்கே ஒரு வாகனம் மட்டுமே, இலக்கு அரிச்சுவடி. ஆனால் அது தொண்டர்களோடு நிற்கவில்லை. விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள், குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று.