களனிக் கரையிற் பெய்த மழை

சிவனொளிபாத மலைச் சாரலிற் பிறக்கும் களனி கங்கை ஏறக்குறைய 145 கிலோமீற்றர் தூரம் ஓடிக் கொட்டாஞ்சேனைக்கு வடக்கே மட்டக்குளிப் பக்கத்திற் கடலொடு கலக்கின்றது. அவ்வாற்றின் பெயரைக் கேட்டவுடன் கொழும்பு மக்களுக்கு நினைவில் எழுவது களனி விகாரையும், அதன் சுவர்களிற் சோலியஸ் மென்டிஸ் தீட்டிய ஓவியங்களுமே. தமிழ்த் திரைக்கலையின் வரலாற்றை ஆராய்வோர்க்கோ அவ்வாறு வேறொரு காரணத்தாலும் நினைக்கத்தக்கது. விகாரைக்கு மிக மேலே, மலைநாட்டின் வாயிலில் உள்ள கித்துல்கல என்னும் ஊரில், அதே ஆற்றின் கரையிலே, பிற்காலத்திற் பாலு மகேந்திரா என்று அறியப்பட்ட கலைஞரின் வாழ்க்கை திசை திரும்பிற்று.

ஆங்கில நெறியாளராகிய டேவிட் லீன் ‘குவாய் ஆற்றின் மேற் பாலம்’ என்னும் படத்தைக் கித்துல்கலவிலே எடுத்தார். கதை நிகழ்வது தாய்லாந்திலே. படத்தில் ஓடும் ஆறோ களனி. உண்மையாகவே மரப்பாலம் ஒன்று ஆற்றின் குறுக்கே கட்டப்பெற்று, 1957ஆம் ஆண்டிலே, புகைவண்டி அதன்மேற் செல்லும்போது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அப்படப்பிடிப்பு நிகழ்ந்த காலத்திற் பள்ளிச் சுற்றுலாவாக மலைநாட்டிற்கு வந்த மாணவருள் ஒருவர் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்த மகேந்திரன். பிறந்த நாள் 20-5-1939 ஆதலின், அப்போது அவருக்குப் பதினேழு வயதிருக்கும்.

அன்று கண்டதை அவர் முதுமை வரையிற் பலமுறை எடுத்துரைத்திருக்கின்றார். நெறியாளர் ‘மழை’ என்று குரல் கொடுத்தார், மழை பெய்தது. அவ்வளவே நிகழ்ச்சி. கேட்போர்க்கு இது சிறுபிள்ளை வியப்பாகவே தோன்றும். ஆயினும் ஊன்றி நோக்கின், அந்த இளைஞர் எதனைக் கண்டு மயங்கினார் என்பதும், எதனைக் கண்டு மயங்கவில்லை என்பதும் ஒருங்கே புலப்படும். அப்படத்தின் புகழெல்லாம் பாலத்தின் பெருமையிலும் அது தகர்ந்து வீழும் காட்சியிலுமே தங்கியிருக்கிறது. பிறரெல்லாம் பாலத்தை நினைவில் வைத்தனர். இவரோ மழையை நினைவில் வைத்தார். மழை என்பது விண்ணினின்று தானே வருவது என்று எண்ணியிருந்த வயதில், அஃது ஆட்கள் கூடிக் குழாய் கொண்டும் நீர் கொண்டும் செய்யத்தக்க ஒரு தொழில் என்பதை அவர் கண்ணாரக் கண்டார். கனவு காணும் இளைஞர் எல்லா ஊரிலும் உளர். கனவுக்கு ஒரு பட்டறை உண்டு என்று அறியப் பெறுவோர் மிகச் சிலரே.

அதே பருவத்தில், 1956 டிசெம்பரில், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ கொழும்பிலே திரையிடப்பட்டது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. அரங்கினுள்ளே அடைபட்டுக் கிடந்த சிங்களப் படத்தை வெயிலுக்கும் வயலுக்கும் கொண்டு வந்த முதற் பெரு முயற்சி அது. அதன் கதையும் ஒரு சிறுவனைப் பற்றியதே. ஆக, ஒரே காலத்தில் இலங்கை மண்ணிலே இரு பள்ளிகள் திறந்திருந்தன: பெரும் பொருட்செலவிலே செயற்கை மழை பெய்வித்த அயல்நாட்டுப் பள்ளி ஒன்று, உள்ள வெயிலை உள்ளவாறே பிடித்த உள்நாட்டுப் பள்ளி மற்றொன்று. பாலு மகேந்திராவை ஆட்கொண்டது முதலாவது. அவர் கைக்கொண்டதோ இரண்டாவதன் முறைமை. இம்முரண்பாடு அவருடைய படைப்பு முழுவதிலும் ஓடுகின்றது.

பள்ளியை விட்டபின் கொழும்புக்கு வந்த இளைஞர்க்கு அந்நகர் கொடுத்தது நில அளவைத் திணைக்களத்திற் படவரைஞர் வேலை. கிழக்கினின்றும் வடக்கினின்றும் வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கிய தமிழிளைஞர் தலைமுறையின் பொது வாழ்வே அவர்க்கும் வாய்த்தது: பகலில் அரசாங்கக் கோப்பு, மாலையிற் கலை. வானொலி நாடகங்களில் நடித்தார். சிங்கள நாடகக் குழுவினரோடு பழகினார். இன்னொருவர் அளந்த நிலத்தை நுண்ணிய கோடுகளால் தாளிலே இறக்கும் அலுவலை வீண்காலம் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் அளந்து வைக்கும் பிற்காலத்துக் கட்டுக்கோப்பிலே படவரைஞரின் கை தெரிகிறது எனின் மிகையன்று.

ஆயினும் அவர் விரும்பிய கலைக்கு அக்காலக் கொழும்பில் இடமில்லை. சென்னையிலிருந்து வரும் படங்களே தமிழர்க்குப் போதும் என்றிருந்த நிலை அது. இலங்கையின் முதற் தமிழ்ப் படமாகிய ‘சமுதாயம்’ 1962இலே தான் வெளிவந்தது. அதன்பின் ‘குத்துவிளக்கு’ 1972இலும், தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’ 1977இலும், ‘வாடைக்காற்று’ 1978இலும் தோன்றினவேனும், ஒரு தொழிலாக அஃது இங்கே வேரூன்றவில்லை. ஆதலின் 1966இல் அவர் பூனாத் திரைப்படக் கல்லூரியை நாடிச் சென்றார். அங்கே வேறு பிரிவுகளில் இடம் கிடையாமையால் ஒளிப்பதிவைப் பயில வேண்டியதாயிற்று. விரும்பியது வேறு, வாய்த்தது வேறு. வாய்த்ததையே தன் கண்ணாக்கிக் கொண்டு 1969இற் தங்கப் பதக்கம் பெற்று வெளியேறினார். அறியாத ஊரில், அறியாத மொழியினரிடையே, பிரெஞ்சுப் புதிய அலைப் படங்களை அவர் கண்டது அங்கேதான். அவ்வலையின் தலைவருள் ஒருவராகிய திரூபோ தம் கலங்கிய இளமையையே முதலாகக் கொண்டு 1959இல் ‘நானூறு அடிகள்’ என்னும் படத்தை ஆக்கியவர். வீட்டிலும் பள்ளியிலும் இடமற்றுப்போன சிறுவன் ஒருவன் ஓடியோடிக் கடற்கரையில் வந்து நிற்பதோடு அப்படம் முடிகின்றது. சொந்த இளமை கலைக்குப் பொருளாகலாம் என்னும் துணிவை அத்தகைய படங்கள் அவர்க்கு அளித்திருத்தல் கூடும்.

‘நெல்லு’ என்னும் மலையாளப் படத்தாலும் (1974), தேசிய விருது பெற்ற ‘கோகிலா’ என்னும் கன்னடப் படத்தாலும் (1977) ஒளிப்பதிவிற் பெயர் பெற்றபின், 1979இலே தமிழில் அவர் முதன்முதல் நெறியாண்ட படம் ‘அழியாத கோலங்கள்’. குமரப் பருவத்தை எட்டும் மூன்று சிறுவர். அவர்கள் ஊருக்குப் புதிதாக வரும் ஆசிரியை. அவர்பால் அச்சிறுவர்க்கு எழும் பெயரிடத் தெரியாத ஈர்ப்பு. அம்மூவருள் ஒருவன் நீரில் மூழ்கி இறத்தல். வளர்ந்துவிட்ட ஒருவரின் நினைவாக இவையெல்லாம் விரிகின்றன. இப்படத்தைப் பற்றிய வழக்கமான குற்றச்சாட்டு, 1971இல் வந்த ஓர் அமெரிக்கப் படத்தின் சாயல் இதில் உண்டு என்பது. சாயல் இல்லையென்று வாதிடுதல் வீண். ஆனால் சாயலைச் சுட்டியதோடு திறனாய்வு முடிந்ததெனக் கருதுவோர், இப்படத்தின் உயிர் எங்கே உள்ளது என்பதைக் காணத் தவறுகின்றனர்.

தொல்காப்பியர் முதற்பொருள் என்று கூறியவை நிலமும் பொழுதும். நம் திரைப்படங்கள் நிலத்தை ஓரளவு அறிந்தன, பொழுதை அறியவேயில்லை. விளக்கொளியிலே காலையும் ஒன்றே, எற்பாடும் ஒன்றே. பாலு மகேந்திராவின் படங்களிலோ ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சிறுபொழுது உண்டு. சாளரத்தின் வழியே சாய்ந்து விழும் வெளிச்சத்தைக் கண்டே முற்பகல் என்றும் பிற்பகல் என்றும் கூறிவிடலாம். ‘அழியாத கோலங்க’ளில் இப்பொழுதுணர்ச்சி வெறும் அழகுக்காக வந்ததன்று. குமரப் பருவமே ஒரு சிறுபொழுது, நிற்காதது, திரும்பாதது. அச்சிறுவர் மறைவிடத்திற் புகைபிடித்துப் பார்ப்பதும், ஒருவரையொருவர் சீண்டுவதும், ஆசிரியையின் முன் நாவெழாது நிற்பதும், தேய்ந்துகொண்டிருக்கும் ஒளியிலே நிகழ்வதனாலேயே நகைப்பைக் கடந்து மனத்தைத் தைக்கின்றன.

குறையும் இல்லாமலில்லை. ஆசிரியை என்னும் பாத்திரத்தை ஷோபா இயல்பாக நடித்துள்ளாரேனும், அப்பெண்ணுக்கெனத் தனியே ஓர் உள்ளம் உண்டென்பதைப் படம் அரிதாகவே நினைக்கின்றது. சிறுவர் கண்ணால் மட்டுமே காணப்படுதலால் அவ்வாறாயிற்று என்று அமைதி கூறலாம். ஆயின் கதையை நினைத்துப் பார்ப்பவர் வளர்ந்த மனிதர் அல்லரோ? வளர்ந்தவரின் பார்வை சிறுவரின் பார்வையைத் திருத்துமிடம் ஒன்றேனும் இருந்திருத்தல் வேண்டும். இக்குறையை அவர் பிற்காலத்தில் உணர்ந்தார் போலும். 1988இல் வந்த ‘வீடு’ முழுவதும் ஒரு பெண்ணின் அலுவல், அலைச்சல், சினம், களைப்பு ஆகியவற்றையே பொருளாகக் கொண்டது.

இனி, ஈழத்து வாசகரிடையே நெடுங்காலமாக நிலவும் மனத்தாங்கல் ஒன்று உண்டு. மட்டக்களப்பு வாவியருகே பிறந்து, களனிக் கரையிலே கலையைக் கண்டு, கொழும்பிலே இளமையைக் கழித்த ஒருவர், இவ்வூர்களுள் ஒன்றையேனும் அதன் பெயரோடு திரையிற் காட்டவில்லையே என்பது அது. இத்தாங்கல் நியாயமானதே. கலை ஓர் இளைஞனுக்கு நம்பிக்கை தந்தது என்று புகழ்வோர், அந்நம்பிக்கைக்கு விலையாக அவன் ஊர் அவனிடமிருந்து பறிக்கப்பட்டதை மறந்துவிடுகின்றனர். இலங்கையிலே அவருக்கு ஒரு பட்டறை இருந்திருப்பின் அவர் பூனாவுக்குச் சென்றிருக்க வேண்டியதில்லை. எனினும், பெயர் இல்லாவிடினும் ஊர் இல்லாமற் போகவில்லை. தம் தாயார் வீடு கட்டிய நாட்களின் நினைவிலிருந்தே ‘வீடு’ பிறந்தது என்றும், ‘அழியாத கோலங்கள்’ தம் இளமை அனுபவங்களினின்றும் எழுந்தது என்றும் அவரே கூறியிருக்கின்றார். தமிழ்நாட்டு ஊர்களின் வேடத்திலே அமிர்தகழி அவற்றுள் ஒளிந்து நிற்கின்றது.

2007ஆம் ஆண்டிற் சென்னையில் ‘சினிமாப் பட்டறை’ என்ற பயிற்சிப் பள்ளியை அவர் நிறுவினார். பாலா, வெற்றிமாறன் முதலியோர் அவரிடம் உதவியாளராயிருந்து தொழில் கற்றவர்கள். அவருடைய இறுதிப் படமாகிய ‘தலைமுறைகள்’ 2013 டிசெம்பரில் வெளிவந்தது; அடுத்த பெப்ரவரி 13ஆந் திகதி அவர் காலமானார். அப்படத்திலே தமிழறியாத நகரத்துப் பேரன் ஒருவன், தனக்கு முற்றிலும் புதிதாகிய கிராமத்திற்கு வந்து சேர்கின்றான். ஆங்கிலம் அறியாத பாட்டன் அவனுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கின்றார். பாட்டனாக நடித்தவர் பாலு மகேந்திராவே. கட்டளைக்குப் பெய்யும் மழையைப் பார்த்து நின்ற சிறுவர், இம்முறை காட்டுபவரின் இடத்திலே அமர்ந்து, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆற்றை அவனுக்குக் காட்டுகின்றார்.