நடந்து வருகிறவருக்கு எந்த நிறம்?

எலி பேஸ்ட் தின்ற ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நடந்தே வருவார். பிபி, நாடித்துடிப்பு, ஆக்சிஜன் எல்லாம் சரியாக இருக்கும். எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்றுகூடக் கேட்பார். அந்தப் பசையிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் ஓரிரு நாள் கழித்துத்தான் கல்லீரலில் தன் வேலையைக் காட்டும். வாசல் மேசையில் இருக்கும் செவிலியர் இவருக்கு எந்த நிறம் கொடுப்பார்?

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைத் தரம்பிரிக்கும் முறை தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு வந்தது பெரிய நன்மை. அதில் எனக்கு ஐயமில்லை. பழைய கேஷுவல்டியில் யாருடைய உறவினர் உரக்கக் கத்துகிறாரோ அவருடைய நோயாளிக்குத்தான் முதலில் கட்டில். இன்று, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு சிஸ்டர், கட்சிக்காரர் ஒருவரிடம் "இது பச்சை சார், உட்காருங்க" என்று சொல்ல முடிகிறது. அந்தத் துணிவைக் கொடுத்தது நிறம்தான்.

ஆனால் நிறம் பெரும்பாலும் இந்த நிமிடத்து உடல்நிலையைத்தான் சொல்லும், அடுத்து வரப்போவதைச் சொல்லாது. கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கம் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார்கள். இமை சரிவதைப் பார்க்கத் தெரிந்தவருக்கே அது பாம்புக்கடி என்று பிடிபடும். சர்க்கரை நோயுள்ள பெண்ணுக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சுவலியே இல்லாமல் போகலாம். "கேஸ் புடிச்ச மாதிரி இருக்கும்மா, ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்பார். இந்தப் பேச்சுக்குள் இருக்கும் ஆபத்தை எந்த அட்டவணையும் கேட்டுச் சொல்லாது.

அப்படியானால் அனுபவம் போதுமா? போதாது. வட கலிபோர்னியாவில் ஒரே குழுமத்தின் 21 மருத்துவமனைகளுக்கு 2016 முதல் 2020 வரை வந்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளை ஆராய்ந்த ஆய்வு 2023இல் வெளியானது. அங்கே பயன்படுவது ஐந்து படிநிலை கொண்ட முறை. அப்படியும் ஏறக்குறைய மூன்றில் ஒரு வருகை தவறான படியில் வைக்கப்பட்டிருந்தது. பெரும்பாலும் தேவைக்கு மேலான அவசரம் காட்டியதுதான் பிழை. ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டது 3.3 சதவீதம். கறுப்பின நோயாளிகளின் ஆபத்து வெள்ளையரைவிட அதிகமாகக் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது. எதிரே நிற்பவர் யார் என்பதும் தீர்ப்புக்குள் நுழைந்துவிடுகிறது. நம் ஊரில் அழுக்கு வேட்டியும் சாராய வாடையுமாக வருபவரின் தலைக்காயத்தை "போதை" என்று ஒதுக்குவதும் இதே கணக்குத்தான். மிகையாக மதிப்பிட்டால் நட்டமில்லை என்பாரும் உண்டு. சிவப்புப் பகுதி நிரம்பியிருக்கும் இரவில் உண்மையான சிவப்பு வந்து நிற்கும்போது அந்த வாதம் செல்லாது.

திறன் வளராததற்கு முதன்மைக் காரணம் என்று நான் கருதுவது வேறொன்று. மேசையில் நிறம் கொடுத்த செவிலியருக்கு அந்த நோயாளி பிறகு என்ன ஆனார் என்பது தெரிவதே இல்லை. நோயாளி வார்டுக்குப் போகிறார், ஐசியூவுக்குப் போகிறார், சில நேரம் பிணவறைக்கும். செவிலியரின் ஷிப்ட் முடிந்துவிடுகிறது. விடை தெரியாமல் பத்தாண்டு கணக்குப் போட்டவரிடம் இருப்பது பழக்கம்தான், தேர்ச்சி அல்ல. போதாக்குறைக்கு, கொஞ்சம் கை தேறியதும் அவரைப் பிரசவ வார்டுக்கு மாற்றிவிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் தரம்பிரிப்புக்கென்றே நாடு முழுவதற்கும் பொதுவான பயிற்சிக் கையேடு உண்டு. ஒவ்வொரு படிக்கும் நேர வரம்பும் உண்டு: இரண்டாம் படிக்கு 10 நிமிடம், மூன்றாம் படிக்கு 30. அவ்வளவு இன்றே நமக்கு வேண்டாம். மஞ்சளோ பச்சையோ பெற்ற ஒருவர் 24 மணி நேரத்துக்குள் ஐசியூவுக்குப் போனாலோ இறந்தாலோ அந்தச் செய்தி மறுநாள் அதே மேசைக்குத் திரும்பி வரட்டும். மருத்துவமனைக் கண்காணிப்பாளர்கள் இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் ஒதுக்க வேண்டும். அதில் "யார் தவறு" என்றொரு கட்டம் மட்டும் போட வேண்டாம்.