வன்னி நிலக்காட்சியும் ஒளிப்படக் கலையும்

நிலக்காட்சி ஒளிப்படத்துக்கு வேண்டுவது திட்டமிடலா, உள்ளத்தெழுச்சியா என்னும் வினா அக்கலை பயில்வோரிடையே அடிக்கடி எழுவதாகும். இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன என்னும் எண்ணமே இவ்வினாவுக்கு அடிப்படை. அன்சல் அடம்ஸ் 1941 நவம்பர் 1ஆம் நாள் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் எடுத்த புகழ்பெற்ற நிலவுப்படம் இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. வழிப்பயணத்திலே தற்செயலாக எதிர்ப்பட்ட காட்சி அது. ஒளிமானி கைக்கு அகப்படாதபோதும், நிலவின் ஒளியளவை முன்னரே அறிந்திருந்தமையால் அவர் கணித்துப் படமெடுத்தார். எழுச்சி கணத்தில் வந்தது. அதனைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் நெடுநாட் பயிற்சியால் வந்தது.

தமிழ் மாணவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருள் என்றது. திட்டமிடல் என்பது ஒருவகையிற் பெரும்பொழுதும் சிறுபொழுதும் அறிதலேயாம். வடகீழ்ப் பருவமழைக்குப் பின் மார்கழி, தை மாதங்களில் நிறைந்து தோன்றும் வன்னிக் குளங்கள் ஆவணியில் வற்றி, வெடித்த படுகை காட்டும். ஒருமுறை வந்து செல்பவர் காண்பது குளத்தின் ஒரு நாளையே.

வன்னியைப் பற்றி இன்று வெளிவரும் படங்களிற் பல இருவகைப்படும். ஒன்று, ஆளற்ற நீர்ப்பரப்பும் அந்திவானும் காட்டி, அதனைத் தீண்டப்படாத இயற்கை என்பது. ஆயின், இரணைமடு கனகராயன் ஆற்றை மறித்து மனிதர் கட்டிய குளம். 1902இல் தொடங்கிய பணி அது. அதன் கீழுள்ள பசுமை வாய்க்கால் நீராலும் உழவர் உழைப்பாலும் வந்தது. மற்றையது, போரில் வீழ்ந்த கிளிநொச்சி நீர்த்தாங்கி போன்ற சிதைவுகளையே நாடுவது. முன்னதில் மக்களின் உழைப்பு மறைகின்றது. பின்னதில் அவர்தம் இன்றைய வாழ்வு மறைகின்றது.

முள்ளிவாய்க்கால் நிலப்பட்டியை நோக்குக. கிழக்கே கடல்; மேற்கே நந்திக்கடல். காலையொளியும் மாலையொளியும் நீர்மேல் வீழும் அவ்விடம் ஒளிப்படக் கலைஞரை ஈர்ப்பது இயல்பே. எனினும், 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின் இறுதி நாள்களில் மக்கள் நெருக்குண்டு பெருந்தொகையாய் மடிந்த மண்ணும் அதுவே. நெய்தலின் சிறுபொழுதாகிய எற்பாட்டைப் பொழுது சாயும் வேளையாகக் கொள்வது பெருவழக்கு. அதன் உரிப்பொருளோ இரங்கல். அங்கு எடுக்கப்படும் மாலைப் படம் அழகாயிருத்தல் குற்றமன்று. 'இலங்கையில் ஓர் அந்தி' என அதற்குப் பெயரிட்டு, இடத்தையும் இழப்பையும் ஒருங்கே அழித்தலே குற்றம். 'நந்திக்கடல்' எனப் பெயரும் நாளும் குறித்தால், அதே படம் வேறு பொருள் தரும்.

ஆகவே, வன்னியிற் படமெடுக்க விழைவோர் ஒளியின் நேரத்தை மட்டும் கணித்தல் போதாது. அவ்வூரவரிடம் வினவி, எங்கு நிற்கலாம், எங்கு நிற்றலாகாது என அறிதல் வேண்டும். மாரியிலும் கோடையிலும் மீண்டும் செல்லுதல் வேண்டும். அவ்வாறு பெறும் அறிவிலிருந்தே எழுச்சியும் பிறக்கும். முதற்பொருள் செவ்வனே அமைந்தும் உரிப்பொருள் காணாத படத்தை, அதன் ஒளியமைப்பு எத்துணைச் சிறப்பினதாயினும், வன்னியின் நிலக்காட்சி எனக் கொள்ளுதல் இயலாது.